கோத்தகிரி பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் உதவுங்க, எனாசிடெனிப் மாத்திரை பத்தி

எங்க சித்தப்பாக்கு ஏஎம்எல் ரத்தப் புற்றுநோய், ஐடிஹெச்2 ஜீன்ல மாற்றம் இருக்குன்னு கோயம்புத்தூர்ல எனாசிடெனிப் ஆரம்பிச்சிருக்காங்க. இது கீமோ மாதிரி செல்லை நேரா கொல்லாதாம், அந்த ஜீன் மாறினதால கெட்டுப்போன என்சைம் 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட்னு ஒரு பொருளை சுரந்து செல்லை பக்குவமாக விடாம பிடிச்சு வச்சிருக்கும், என்சைமை அடக்கினா அதே செல் வளந்து ஒழுங்கான வெள்ளணு ஆயிடுமாம், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படி மாறும்போதே சிலருக்கு காய்ச்சல், மூச்சுத்திணறல், கால் வீக்கம், வெயிட் ஏறுறதுன்னு வரும், உடனே டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்து குடுக்கணும்னு டாக்டர் சொல்லிருக்கார். இங்க பனில ஊரே இருமுது, எது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? ஆக்ஸிமீட்டர் 93 காட்டுது, இந்த உயரத்துல அது சகஜமா? இந்த மாத்திரை எடுத்தவங்க வீட்ல என்னத்த கவனிச்சீங்க? ராத்திரில மேட்டுப்பாளையம் இறங்க நம்பகமான ஆம்புலன்ஸ் தெரிஞ்சாலும் சொல்லுங்க ப்ளீஸ்.