மாதம் 4,500 ரூபாய்க்குப் பாடப்புத்தகம்: இலங்கையின் கிழக்கு மாணவருக்குக் கட்டுப்படியாகுமா?

பிள்ளையாரடி_மூன்றாம்_வருடம்:
எங்கள் மருத்துவபீட பெட்ச்சில் ஒரு யோசனை ஓடுகிறது. மின்பாடநூல் சேவை ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டி, ஐந்து பேர் ஒரே கணக்கைப் பாவிப்பது. அமெரிக்காவில் பியர்சன் பிளஸ் 2021இல் தொடங்கியபோது ஒரு புத்தகத்துக்கு மாதம் 9.99 டொலர், 1,500க்கு மேற்பட்ட புத்தகங்கள் அத்தனைக்கும் சேர்த்து 14.99 டொலர். இப்படியொரு சேவை எங்களுக்கும் கிடைத்தால், டொலரை 300 என்று வைத்தாலும் 4,500 ரூபாய். ஐந்தால் பிரித்தால் ஆளுக்கு 900. ஒரு தடித்த உடற்றொழிலியல் புத்தகத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து பைண்ட் பண்ண அதைவிடக் கூட முடிகிறது. ஏன் எல்லோரும் தயங்குகிறீர்கள்?

வந்தாறுமூலை_சீனியர்:
தம்பி, கணக்கு சரி. ஆனால் அது ஒரு மாதத்துக் கணக்கு. படிப்பு ஐந்து வருடம். கட்டுவதை நிறுத்திய அன்றே புத்தகமும் போய்விடும், நீ கோடு போட்டுப் படித்த பக்கமும் போய்விடும். எனக்கு வந்த சேதன இரசாயனப் புத்தகத்தில் மூன்று பெட்ச்சின் பென்சில் எழுத்து இருந்தது. "இந்தப் பொறிமுறை கட்டாயம் வரும்" என்று ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள், வந்தது. அதை நானும் ஒரு ஜூனியருக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினேன்.

இந்தக் கைமாற்றம்தான் வெளியீட்டாளர்களுக்குக் கண்ணில் குத்துகிறது. பியர்சனின் அப்போதைய தலைமை அதிகாரி ஆன்டி பேர்ட் 2022இல் வெளிப்படையாகவே சொன்னார்: அச்சுப் புத்தகம் ஏழு தடவை வரை விற்கப்படுகிறது, தங்களுக்கோ முதல் விற்பனையில் மட்டும்தான் காசு வருகிறது என்று. அடுத்தடுத்து வாங்குகிறவனும் காசு கட்டட்டும் என்பதற்குத்தான் சந்தா.

பிள்ளையாரடி_மூன்றாம்_வருடம்:
அண்ணன், பென்சில் குறிப்பு நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. இழையவியல் புத்தகத்தின் கொப்பியை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? சாயமேற்றிய படத்தில் கலத்தின் கரு ஊதா நிறம், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. கொப்பியில் இரண்டும் ஒரே கறுப்பு. ஈரல் எது, சிறுநீரகம் எது என்று கீழே இருக்கும் பெயரை வாசித்தால்தான் தெரியும். மூன்று பெட்ச் கைமாறினால் பதிப்பும் பழசாகிவிடும். மருந்தின் அளவைப் பழைய பதிப்பில் பார்த்துப் படிக்கவா சொல்கிறீர்கள்?

அக்கரைப்பற்று_கொப்பிக்கடை:
நான் கடை வைத்திருக்கிறவன். என் பிழைப்பு இதில் இருக்கிறது, அதனால் நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டே கேளுங்கள். கலர் கொப்பியும் அடிக்கலாம் தம்பி, காசுதான் கூட. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலபேர் முழுப் புத்தகம் கேட்பதில்லை. இரண்டு அத்தியாயம், அதுவும் பரீட்சைக்கு முந்தின கிழமை. அதற்கு மாதாமாதம் 4,500 கட்டச் சொல்வது நியாயமா?

கல்லடி_வாசகி:
கொப்பிக்கடை நானா, முழுப் புத்தகம் கொப்பி அடிப்பது சட்டப்படி பிழை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் 11ஆம் பிரிவு, வகுப்பறைப் பாவனைக்கான பல பிரதிகளையும் நியாயமான பாவனைக்குள் சேர்க்கிறது. அடுத்த பிரிவோ, தனிப்பட்ட தேவைக்கென்றாலும் புத்தகம் முழுவதையும் அல்லது பெரும்பகுதியைப் பிரதி எடுப்பதை அனுமதிக்கவில்லை. இரண்டு அத்தியாயம் வேறு, பைண்ட் பண்ணின புத்தகம் வேறு.

ஐந்து பேர் ஒரு கணக்கைப் பாவிப்பதும் பெரும்பாலும் நிபந்தனைகளுக்கு மாறானதுதான். தங்கச்சி ஒருத்தி அப்படிச் செய்துபார்த்தாள். செங்கலடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறார்கள், சேவைக்காரர் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். பரீட்சை வாரத்தில்.

வந்தாறுமூலை_சீனியர்:
நல்லாச் சொன்னீங்க அக்கா. காசு கொடுத்து வாங்கியதே நிலைப்பதில்லை. மைக்ரோசொஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்களும் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. புத்தகம்?

அதோடு டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 அளவில் இருந்தது மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அதே 14.99 டொலர் மூவாயிரத்திலிருந்து 5,400 ஆகியிருக்கும். மகாபொல புலமைப்பரிசில் பணத்தை மாதம் 5,000இலிருந்து 7,500 ஆக்கியது 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான். சாப்பாடா, சந்தாவா?

அக்கரைப்பற்று_கொப்பிக்கடை:
அந்த 2022ஐ ஞாபகப்படுத்தாதீங்க. 13 மணித்தியால மின்வெட்டில் என் மெஷினும் நின்றது, பிள்ளைகளின் போனும் செத்தது. கடைசியில் கையிலிருந்த தாள்தான் உதவியது.

கல்முனை_கலைப்பீடம்:
எல்லோரும் மருத்துவம், விஞ்ஞானம் என்றே பேசுகிறீர்கள். நாங்கள் தமிழில் படிக்கிறவர்கள். அந்த 1,500 புத்தகத்தைப் புரட்டினால் எங்கள் வரலாற்றுக்கோ சமூகவியலுக்கோ தமிழில் என்ன கிடைக்கும்? எங்களுக்கு உதவுவது 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம்தான். ஈழத்துப் புத்தகம், பழைய சஞ்சிகை, பத்திரிகை எல்லாம் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், சந்தா இல்லை. இங்கே பழைய புத்தகங்கள் எத்தனை சூறாவளிக்கும் சுனாமிக்கும் போயின என்று யோசித்தால் ஸ்கேனின் பெறுமதி விளங்கும். மின்னூல் வேண்டாம் என்று சீனியர் அண்ணன் ஒரேயடியாகத் தள்ளுவதோடு எனக்கு உடன்பாடில்லை.

வந்தாறுமூலை_சீனியர்:
மின்னூலை எங்கே தள்ளினேன்? வாடகையைத்தான் தள்ளினேன். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் பாடநூல்களை இலவசமாகப் போடுகிறது. உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் சேர்ந்த புத்தகமும் உண்டு. ஒருதரம் இறக்கினால் போனிலேயே கிடக்கும். மூலத்தைக் குறிப்பிட்டால் அச்சடிக்கவும் உரிமை தந்திருக்கிறார்கள். நானா பயமில்லாமல் பைண்ட் பண்ணலாம்.

பிள்ளையாரடி_மூன்றாம்_வருடம்:
பார்த்தேன் அண்ணன். தாதியியல் பிள்ளைகளுக்கு நல்லது, எங்கள் முதல் வருடத்துக்கும் ஓரளவு சரி. நோயியலுக்கு வந்தால் அங்கே ஒன்றும் இல்லை.

கல்லடி_வாசகி:
அப்போ சந்தாவை மாணவன் ஏன் கட்ட வேண்டும்? பல்கலைக்கழக நூலகம் காசைக் கட்டட்டும். கொரோனா நேரத்தில், பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு தொலைபேசிக் கம்பனிகளோடு பேசி, பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டா காசில்லாமல் ஆக்கவில்லையா? கூட்டாகப் பேசினால் விலையும் வேறு மாதிரி வரும். எந்தப் புத்தகம் வேண்டும் என்று பெட்ச்சாகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

பிள்ளையாரடி_மூன்றாம்_வருடம்:
கொடுக்கிறோம் அக்கா. ஆனால் நூலகக் குழு கூடி முடிவெடுக்கும்போது நாங்கள் இறுதி வருடத்தில் இருப்போம். அதுவரை நோயியலுக்கு மட்டும், ஆளுக்கொரு கணக்காக, மூன்று பேர் மூன்று மாதம் எடுத்துப் பார்க்கிறோம்.

வந்தாறுமூலை_சீனியர்:
உன் காசு, உன் விருப்பம். எடுத்த அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடு. அப்பாவின் வங்கிக் காட் இலக்கத்தை மட்டும் கொடுத்துவைக்காதே.