பழைய மால்ட் விஸ்கி பாட்டில்: கழுத்தில் கார்க் முறிந்துவிட்டது, மாற்றுக் கார்க் பற்றி ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. 1990களில் அடைத்த ஸ்காட்லாந்தின் ஐலா தீவு சிங்கிள் மால்ட் விஸ்கி (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் வடித்தது), 70 செ.லி. (700 மி.லி.), 43% ஆல்கஹால். மூடியைத் திருகியதும் கார்க் பாதியில் முறிந்து, அடித்துண்டு கழுத்திலேயே நிற்கிறது. ஒயின் திருகாணி போட்டால் காய்ந்த கார்க் பொடிந்து உள்ளே கொட்டும். அதனால் இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள கார்க் உருவியைப் பக்கவாட்டில் இறக்கி, மெதுவாகத் திருப்பி எடுக்கலாம் என்றிருக்கிறேன். தூள் விழுந்தால் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டணும். தாளை முதலில் வெந்நீரில் அலசணும், இல்லையென்றால் காகித வாசனை ஏறிவிடும்.

கேள்வி இதுதான். கழுத்தின் உள்விட்டம் வெர்னியர் அளவுகோலில் 19 மி.மீ. புதுக் கார்க் எத்தனை மி.மீ. பெரிதாக இருந்தால் இறுக்கமாக உட்காரும்? இயற்கைக் கார்க்கா, செயற்கையா? காலியான வேறொரு விஸ்கி பாட்டிலின் கார்க்கை எடுத்துப் போடச் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அது ஷெர்ரி (ஒரு வகை ஸ்பானிய ஒயின்) பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியின் கார்க் என்றால் அந்த வாசனை தங்கியிருக்குமே, அதைப் போக்க வழி உண்டா?

பாட்டில் நிமிர்ந்தேதான் இருந்தது. படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும், தெரியும். ஆனால் மாதம் ஒருமுறை சாய்த்து நனைப்பது உண்மையிலேயே பலன் தருமா? பழைய பாட்டில்களில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை விஸ்கியை 10 செ.லி. கண்ணாடிக் குப்பிகளில் விளிம்புவரை நிரப்பி வைக்கிறேன். காற்று குறைந்தால் மணம் தாங்கும்.