உஸ்திகா விமானம்: கழிப்பறை இருக்கை உடையாமல் கிடைத்தது எதற்குச் சாட்சி?

அலைமகன்:
1985-இல் குண்டு வெடித்து விழுந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் பற்றிப் பேசும்போது, இத்தாலியின் இத்தாவியா 870 என்ற பயணிகள் விமானம் பற்றிச் சொன்னேன். விவரம் கேட்டதால் தனியாக எழுதுகிறேன். 1980 ஜூன் 27. போலோக்னாவிலிருந்து பலெர்மோவுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய டிசி-9, இரவு 8.59-க்கு உஸ்திகா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. 81 பேரும் இறந்தார்கள். சுமார் 3,700 மீட்டர் ஆழத்தில் கிடந்த உடைசலை 1987-இல்தான் எடுக்க ஆரம்பித்தார்கள். மீதியை 1991-இல் எடுத்தார்கள்.

நிபுணர் குழு 1994-இல் பின்பக்கக் கழிப்பறையில் குண்டு வெடித்தது என்றது. என் கேள்வி ஒன்றுதான். குண்டு வெடித்த இடம் கழிப்பறை என்றால், அந்த இருக்கையும் அதன் மூடியும் ஏறக்குறைய முழுசாக எப்படிக் கிடைத்தன? பிளாஸ்டிக் பிழைத்து விமானம் நொறுங்குமா? எனக்கு ஏவுகணைதான் பொருந்துகிறது.

நட்டுபோல்ட்:
தம்பி, இருக்கையை மட்டும் பார்க்காதீர்கள். அதே கழிப்பறையின் எஃகுத் தொட்டி எப்படிக் கிடைத்தது? கசங்கி, மடங்கி. தண்ணீரில் விழுந்து நசுங்கினால் ஒரு பக்கம் அடிவாங்கிய மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை என்பதுதான் குழுவில் இருந்த ஃபிராங்க் டெய்லர் வாதம். குண்டு கழிப்பறைக்கு நடுவில் இல்லை, உள்சுவருக்கும் விமானத்தின் வெளித்தகட்டுக்கும் இடையில் இருந்தது என்று அவர் சொன்னார்.

முப்பத்தொரு வருடம் விமானத் தகடு தட்டிய கை என்னுடையது. அந்தச் சுவருக்குப் பின்னால் கை நுழைகிற அளவுக்கு இடம் இருக்கும். அங்கே வெடித்தால் அழுத்தம் வலுவில்லாத பக்கம் தேடிப் போகும். எதை விடும், எதைப் பிடுங்கும் என்பது எது எங்கே எப்படி மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அப்புறம் ஏவுகணை என்றால் அதன் தலைப்பகுதி சிதறி நூற்றுக்கணக்கில் துண்டு பறக்கும். உடல் தகட்டில் வெளியிலிருந்து உள்ளே துளைத்த ஓட்டைகள் எங்கே? இவ்வளவு உடைசல் ஏறிய பிறகும் ஏவுகணைத் துண்டு என்று ஒன்றைக்கூட யாரும் நிரூபிக்கவில்லையே.

பனங்காடு:
அண்ணன் சொல்வது சரி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சிலிண்டர் கசிந்து தீப்பிடித்து வெடித்தது. கதவு நிலையோடு பெயர்ந்து முற்றத்தில் கிடந்தது. பரணில் இருந்த கண்ணாடி டம்ளர் அசையவில்லை. நானே எடுத்து வைத்தேன்.

அலைமகன்:
அது வேறு, பனங்காடு. சிலிண்டர் வாயு எரிந்து பரவுவது, தள்ளுகிற வெடிப்பு. ராணுவ வெடிமருந்து நொறுக்குகிற வெடிப்பு, அலை ஒலியைவிட வேகமாகப் போகும். பக்கத்து உலோகத்தில் பொடிக் குழிகள் விழும், வெப்ப வாயு உரசிய தடம் இருக்கும், ஓரங்கள் இதழ் விரிந்த மாதிரி சுருளும். 1988-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் குண்டு வெடித்து விழுந்த விமானத்தின் சரக்குப் பெட்டித் தகட்டில் கரியும் குழிகளும் கிடைத்ததால்தான் வெடித்த இடத்தைக் குறிக்க முடிந்தது. உஸ்திகாவில் அப்படி ஒரு தகட்டைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

நட்டுபோல்ட்:
லாக்கர்பி தரையில் விழுந்தது, மறுநாளே பொறுக்கினார்கள். இது ஏழு வருடம், சில துண்டுகள் பதினோரு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தவை. அலுமினியத்தில் அரிப்பு போடுகிற குழியையும் வெடி போடுகிற குழியையும் பிரிப்பது லேசில்லை. டி4 (ஆர்டிஎக்ஸ்), டிஎன்டி என்ற வெடிமருந்துகளின் தடயம் கிடைத்ததே, அதை ஏன் விட்டீர்கள்?

அலைமகன்:
விடவில்லை. அந்த இரண்டும் குண்டிலும் இருக்கும், ஏவுகணையிலும் இருக்கும். வெடிமருந்து இருந்தது என்று சொல்லும், யாருடையது என்று சொல்லாது. அரிப்பு பற்றி நீங்கள் சொன்னது உங்கள் கட்சிக்கும்தான் அடி, அண்ணே. தகடு பேசாது என்றால் குண்டு என்றும் அது சொல்லவில்லை.

அதனால்தான் ரேடாரையும் பார்க்கச் சொல்கிறேன். விமானம் விழுந்த நேரத்தில் அதற்கு மேற்கே அடையாளம் தெரியாத புள்ளிகள் பதிவாகியிருந்தன. ஜூலை 18-இல் கலாப்ரியா மலையில் லிபிய மிக்-23 போர் விமானம் ஒன்று விழுந்து கிடந்தது. அது உண்மையில் ஜூன் 27-லேயே விழுந்தது என்றும் ஒரு தரப்பு சொல்கிறது. நீதிபதி ரொசாரியோ பிரியோரே 1999-இல் குண்டு முடிவை ஏற்காமல், ராணுவ விமானங்களின் மோதலுக்கு இடையில் இது அடிபட்டது என்றுதான் எழுதினார். 2013-இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம் இழப்பீட்டு வழக்கில் ஏவுகணைக் காரணத்தை ஏற்றது.

நட்டுபோல்ட்:
இழப்பீட்டு வழக்கில் நிரூபிக்க வேண்டிய அளவு வேறு, குற்ற வழக்கில் வேறு. விமானப்படைத் தளபதிகள் மேல் போட்ட குற்ற வழக்கு 2007-இல் விடுதலையில் முடிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீதிபதிக்கு ஆயிரம் மரியாதை. ஆனால் தகட்டின் வளைவைத் தீர்ப்பு மாற்றாது.

கௌதமி:
போலோக்னாவில் நான்கு வருடம் படித்தேன். அந்த விமானம் அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது, 2007-இல் திறந்தார்கள். துண்டுகளை இரும்புச் சட்டத்தில் மாட்டி விமான உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேலே 81 விளக்குகள், மூச்சு விடுவது போல மங்கி மங்கி எரியும். சுற்றி 81 கறுப்புக் கண்ணாடிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குரல் முணுமுணுக்கும். பயணிகளின் பொருட்களைக் கறுப்புப் பெட்டிகளில் போட்டு மூடிவிட்டார்கள். செருப்பு, நீச்சலுடை எல்லாம் உள்ளே இருக்கிறது, பார்க்க முடியாது.

நான் பொறியாளர் இல்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. துண்டுக்குத் துண்டு இடைவெளி நிறைய. தகடு எங்கே முடிகிறது, சட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பல இடத்தில் தெரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் முழு விமானம் கையில் இருப்பது போலப் பேசுகிறீர்கள்.

நட்டுபோல்ட்:
அம்மா, நல்ல கேள்வி. இல்லாத துண்டுதான் எங்கள் வேலையில் பெரிய துண்டு. கழிப்பறையை ஒட்டிய வெளித்தகட்டில் கிடைக்காத பகுதிக்குச் சுற்றிலும் கிழிந்த ஓரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வெளியே திரும்பியிருந்தால் என் பக்கம், உள்ளே என்றால் தம்பி பக்கம்.

அலைமகன்:
இரண்டு பக்கமும் கலந்திருந்தால்? குழுவில் இருந்த இருவரே, ஏவுகணையும் இல்லை குண்டும் இல்லை, வேறொரு விமானம் மிக அருகில் உரசுவது போலக் கடந்ததில் இறக்கை முறிந்தது என்று சொன்னார்களே.

நட்டுபோல்ட்:
அதற்கு இடது இறக்கை நுனியிலிருந்து தொடங்க வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கண் எரிகிறது. கௌதமி, இறக்கைப் பக்கம் எடுத்த படம் ஏதாவது வைத்திருந்தால் போடுங்கள் அம்மா.