குழாய்க்குள் ஜல்லி உருளும் சத்தம்: கேட்டவர்கள் எழுதுங்கள்

கொள்ளிடக்கரை:
குடிநீர்த் திட்டப் பம்ப் ஹவுஸ். 45 மீட்டர் ஹெட் பம்ப், அதாவது அவ்வளவு உயரம் தண்ணீர் ஏற்றுகிற பம்ப். மேல்நிலைத் தொட்டி இன்னும் எழும்பவில்லை, தண்ணீர் தரைத்தொட்டிக்கே போகிறது, அவ்வளவு அழுத்தம் வேண்டாம். அதனால் பம்ப்புக்கு அடுத்த டெலிவரி பட்டர்ஃபிளை வால்வை (உள்ளே டிஸ்க் என்கிற வட்டத் தட்டு திரும்பும்) கால்வாசி திறந்துதான் ஓட்டினோம். ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டர், என் அப்பா வயசு, "லைனுக்குள்ள ஜல்லி உருளுது சார்" என்று மூன்று முறை சொன்னார். ஆற்று மணலாக இருக்கும், ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நாலாம் மாதம் வால்வைக் கழற்றினோம். டிஸ்க்கின் பம்ப் பக்கம் பெயின்ட்கூடப் போகவில்லை. திருப்பினால் விளிம்பு கரையான் அரித்த கதவு மாதிரி. விரலை ஓட்டினேன், குழியில் நகம் மாட்டியது. ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

திருக்காட்டுப்பள்ளி:
மணலேதான். எங்கள் போர் மோட்டார் இம்பெல்லர், அதாவது உள்ளே சுழலும் சக்கரம், பிளேடு மாதிரித் தேய்ந்து வந்தது. வெறும் தண்ணீர் இரும்பைத் தின்னும் என்றால் அணை மதகெல்லாம் எப்போதோ போயிருக்குமே?

சர்க்கரை ஆலை ஃபிட்டர்:
கோபிக்காதீங்க அண்ணே. மணல் தேய்த்தால் வழவழப்பாகும், அதுவும் தண்ணீர் மோதுகிற முன்பக்கம். இவருக்குப் போனது பின்பக்கம், குழி குழியாக. 30 டிகிரி தண்ணீரும் அழுத்தம் 0.042 பாருக்குக் கீழே விழுந்தால் கொதிக்கும். வால்வு இடுக்கில் வேகம் கூடி அழுத்தம் விழும், குமிழி வரும்; தாண்டியதும் அழுத்தம் ஏறி நசுங்கும். நசுங்குகிற இடத்தில் இரும்புக்கு அடி; கேவிட்டேஷன் என்பது இதுதான். உயர அழுத்த மதகுக்குப் பின்னால் காற்றுக்குழாய் வைப்பதும் இதற்காகத்தான்.

எங்களுக்குப் போனது பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்ப்பின் ரீசர்குலேஷன் வால்வு, தண்ணீரில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவது. அங்கே தண்ணீர் 105 டிகிரி, 1.2 பாரிலேயே கொதிக்கும். அரவை நடுவில் வால்வை அடைக்கிற பிளக்கை எடுத்தேன். ஸ்டெல்லைட் என்கிற கடின உலோகம் போட்ட முனை, கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை.

மன்னார்குடி பம்ப்செட்:
எனக்கு ஒரே தடவை. கேட் வால்வைப் பாதி திறந்து வைத்தேன், தட்டு ஆடி ஆடி, அது உட்காருகிற சீட் போச்சு. சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேட் வால்வை முழுசாகத் திறங்க, இல்லை மூடுங்க. அளவைக் குறைக்க குளோப் வால்வு இருக்கிறது. உறிஞ்சுகிற பக்கத்து வால்வை ஒருநாளும் குறைக்காதீங்க, பம்ப்பே போகும். ஃபுட் வால்வு சல்லடையில் பாசி அடைத்தாலும் அதே கதைதான். கோடையில் கிணற்று மட்டம் இறங்கினால் ஏழு மீட்டருக்கு மேல் உறிஞ்ச விடாமல் பம்ப்பைக் கீழே இறக்குங்க. கொள்ளிடக்கரைத் தம்பி, டிஸ்க்கை மாற்றிக்கொண்டே இருந்தால் பிரயோஜனமில்லை. இம்பெல்லரைக் கடைந்து விட்டத்தைக் குறைங்க, இல்லை மோட்டார் வேகத்தைக் குறைக்கிற விஎஃப்டி போடுங்க. இரண்டுக்கும் பணம் வராதென்றால் வால்வுக்கு அப்புறம் ஓரிஃபிஸ் தட்டு, நடுவில் ஓட்டை போட்டது. அழுத்தம் இரண்டு படியாக இறங்கும்.

கொள்ளிடக்கரை:
தட்டு போன வாரம் போட்டாச்சு அண்ணே. வால்வை இப்போது முக்கால் திறக்க முடிகிறது. ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் குழாயில் காது வைக்கச் சொன்னேன். "ஜல்லி இல்ல சார். பொடி மணல் மாதிரி இன்னும் கேக்குது" என்றார். லாக் புத்தகத்தில் அப்படியே எழுதினேன், அவர் பெயரோடு.