பழைய டயட்டம் ஸ்லைடு: ஓட்டின் கோடுகள் தெரியவில்லை, பெயரும் சிக்கவில்லை

கேள்வி
கனடா பால்சத்தில் (ஒளிபுகும் மரப்பிசின்) பதித்த பழைய டயட்டம் ஸ்லைடு. டயட்டம் என்பது சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச் செல் பாசி. லேபிளில் மைப்பேனாவால் ‘நாவிகுலா அங்குலாட்டா’ என்று இருக்கிறது. லேசான எஸ் வளைவுள்ள ஓடுகள். 40எக்ஸ், என்.ஏ. (ஒளியைச் சேர்க்கும் திறன்) 0.65 ஆப்ஜெக்டிவில் விளிம்பு மட்டும் தெரிகிறது, உள்ளே வெறும் கண்ணாடி. கண்டென்சரின் (ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) துளையைச் சுருக்கும் ஐரிஸை மூடினால் விளிம்பு தடித்துக் கறுக்கிறது, அவ்வளவுதான். சைலீன் தொட்டுத் துடைக்கலாமா? இது எந்த இனம்?

பதில் 1
சைலீன் வேண்டவே வேண்டாம். பால்சமே அதில் கரையும். ஆல்கஹாலும் கூடாது, கவர்ஸ்லிப்பைச் சுற்றிய வளையம் ஷெல்லாக் என்றால் போய்விடும். காற்றூதித் தூசியை நீக்கிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால் நடுவில் மட்டும் ஒற்றுங்கள். லேபிள் பக்கம் போகாதீர்கள்.

தெளிவில்லாததற்கு அழுக்கு காரணமில்லை. சிலிக்கா ஓட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.43, பால்சம் 1.53. இவ்வளவு நெருங்கினால் ஓடு மறையத்தான் செய்யும். நாஃப்ராக்ஸ் என்ற பிசின் மாதிரி 1.7 தொடும் பொருளில் பதித்த ஓடுகள் பளிச்சென்று தெரிவதும் இதனால்தான்.

ஐரிஸை மூடுவதுதான் பெரிய தவறு. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான். அதை ஆப்ஜெக்டிவ், கண்டென்சர் இரண்டின் என்.ஏ. கூட்டுத்தொகையால் வகுங்கள். கண்டென்சர் 0.65 வரை திறந்திருந்தால் 0.42 மைக்ரான் இடைவெளி பிரியும். 0.2-க்கு மூடினால் 0.65 மைக்ரான்தான். இந்த ஓட்டில் கோடுகளின் இடைவெளி 0.5 மைக்ரான் அளவு, ஆக நீங்களே கோடுகளை அழிக்கிறீர்கள்.

ஐரிஸைத் திறந்து, கண்டென்சருக்குக் கீழே ஃபில்டர் தட்டில் கறுப்பு அட்டையை வைத்துப் பாதிக்குச் சற்று மேல் மறையுங்கள். ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தால் ஒரு பிறை மட்டும் ஒளிர வேண்டும். ஒளி சாயும் திசைக்குக் குறுக்கான கோடுகள்தான் பிரியும், அதனால் அட்டையைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள்.

பதில் 2
படத்துக்குப் பச்சை ஃபில்டர் போட்டு கறுப்பு வெள்ளையாக்குங்கள். சாதாரண அக்ரோமேட் (இரு நிறங்களுக்கு மட்டும் நிறப்பிழை திருத்திய) லென்ஸ் பச்சையில்தான் நன்றாக நடந்துகொள்ளும். கேமராவின் ஷார்ப்பனிங்கை அணையுங்கள், இல்லாத கோட்டையும் அது வரைந்துவிடும். 0.65-இல் ஃபோகஸ் ஆழம் சுமார் 1.3 மைக்ரான், பல ஃபோகஸில் எடுத்த படங்களை இணைக்கும் ஸ்டாக்கிங் செய்தால் படி 0.5 முதல் 1 மைக்ரான். ஆனால் கோடு எண்ணுவதற்கு ஒற்றைப் படம்தான், ஸ்டாக் வேண்டாம்.

100எக்ஸ் ஆயில் போடுமுன் பாருங்கள்: பழைய கவர்ஸ்லிப் 0.17 மி.மீ.-ஐவிடத் தடிப்பாக இருந்தால் லென்ஸ் முட்டும். உலர்பதிவு (பிசின் இல்லாமல் பதித்த) ஸ்லைடில் வளையம் விரிசல் விட்டிருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். மீட்க வழியில்லை.

பதில் 3
லேபிளில் இருப்பது பழைய பெயர். 1852-இல் பிளூரோசிக்மா பேரினம் வந்ததும் இந்த இனம் அதற்குள் போனது: பிளூரோசிக்மா அங்குலாட்டம். ஆனால் ஓடுகளை அப்படியே தூவிப் பதித்த தூவல் ஸ்லைடில் பல இனங்கள் கலந்திருக்கும், லேபிளை மட்டும் நம்பாதீர்கள். எஸ் வளைவுள்ள ஜைரோசிக்மாவும் உண்டு. அதில் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாகச் செங்கோணத்தில் வெட்டும். பிளூரோசிக்மாவில் ஒரு குறுக்கு வரிசை, இரண்டு சாய்வு வரிசை.

ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (நுண் அளவுகோடுகள் உள்ள ஸ்லைடு) அதே ஆப்ஜெக்டிவ், அதே கேமராவில் படமெடுத்து அளவு பொருத்துங்கள். ஓட்டின் நடுவே 30 மைக்ரான் நீளத்துக்குக் கோடுகளை எண்ணி மூன்றால் வகுங்கள். நுனியில் எண்ணாதீர்கள், அங்கே நெருக்கம் மாறும்.

கேட்டவர்
அட்டையைத் திருப்பியதும் சாய்வு வரிசை இரண்டும் வந்துவிட்டன. குறுக்குக் கோடு 30 மைக்ரானில் 61.

பதில் 3
10 மைக்ரானுக்கு 20. பிளூரோசிக்மா அங்குலாட்டத்துக்குப் பொருந்துகிறது. இன்னும் நாலைந்து ஓடுகளில் எண்ணிவிட்டுப் பெயர் எழுதுங்கள். பழைய லேபிளின் மேல் ஒட்ட வேண்டாம்.