புதுப்பிப்பு: ஏற்காடு பார்ட்டியில் மேனேஜரைக் கேட்ட அண்ணன்

ஏற்காட்டில் ஆபீஸ் பார்ட்டி, ரெண்டு ரவுண்டு உள்ளே போனதும் எங்கள் சீனியர் அண்ணன் எல்லார் முன்னாலும் மேனேஜரிடம் "இன்சென்டிவ் எல்லாம் உங்க ஆளுங்களுக்குத்தானுங்களே சார்" என்று கேட்டுவிட்டார், வேலை போகுமா என்று முன்பு எழுதியிருந்தேன். போகவில்லை. சேலத்துக்கு வந்தபிறகு மேனேஜரே டீ வாங்கிக் கொடுத்து, "அன்னைக்குச் சொன்னத இப்பச் சொல்லுப்பா" என்றிருக்கிறார். அண்ணன் "சும்மா போதையில சார்" என்று மழுப்பிவிட்டார்! கடுப்பாக இருக்கிறது, ஏனென்றால் சரக்கு மூளையின் முன்பகுதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும், சரி, ஆனால் அந்தக் கேள்வி எங்கள் எல்லாருக்கும் இருந்ததுதான்.

யார் வண்டி ஓட்டினது என்று கேட்டவர்களுக்கு: 20 கொண்டை ஊசி வளைவு, சட்ட வரம்போ 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால்தான், அதனால் குடிக்காத நான் ஓட்டினேன். அப்புறம், இன்சென்டிவ் பட்டியல் இந்தத் தடவையும் அதே பெயர்கள்தான்.