நின்ற பஸ்ஸும் நிற்காத ஆட்டோவும்: கடவையில் உங்களுக்கு நடந்தது என்ன?

ஹட்டனிலிருந்து ஒரு தாய்:

சம்பள நாளுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. ஏழாம் தரம் படிக்கும் மகளோடு ஹட்டன் நகரில் பாதசாரிக் கடவை ஓரம் நின்றிருந்தேன். முன்பு மஞ்சளாக இருந்த கடவைக்கு இப்போது வெள்ளைக் கோடு போட்டாலும் எங்கள் வாயில் அது இன்னும் மஞ்சள் கோடுதான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் இரண்டு கைகளிலும் அரிசியும் சாமானும். மகளின் ஒரு கையில் குடை, மறு கையில் புதுச் சப்பாத்துப் பெட்டி.

தனியார் பஸ் ஒன்று வந்து நின்றது. சாரதி நல்ல மனிதர், கையசைத்துப் போகச் சொன்னார். அந்தக் கையை நம்பி இறங்கினோம். பஸ்ஸின் முகப்பைத் தாண்டி மகள் ஓர் எட்டுதான் வைத்தாள், குடை படாரென்று பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்த ஆட்டோ நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கமாக முந்தியிருக்கிறது. அதன் பக்கக் கண்ணாடியில் குடைக்கம்பி மாட்டியிருக்கிறது. பின்னால் நின்ற ஓர் அம்மா மகளின் கம்பளிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா இல்லையென்றால் என் பிள்ளை இன்று இல்லை. ஆட்டோ நிற்கவே இல்லை.

சேற்றில் கிடந்த சப்பாத்துப் பெட்டியையே மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவில்தான் அழுதாள். பஸ் நின்ற பிறகும் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

நுவரெலியாவிலிருந்து ஒரு லொறிச் சாரதி:

தங்கச்சி, இருபது வருடமாக மரக்கறி லொறி ஓட்டுகிறேன். உங்கள் மேல் தவறே இல்லை. பஸ்காரரும் நல்லதை நினைத்துத்தான் கை காட்டியிருப்பார். ஆனால் நான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். என் வண்டியை நான் நிறுத்தலாம், பின்னால் வருகிறவனுக்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பது?

கடவையை ஒட்டி நிறுத்தினால் என் லொறியே ஆளை மறைத்துவிடும். அதனால் ஒரு லொறி நீளம் தள்ளியே நிறுத்துகிறேன். அப்போதுதான் கடக்கிறவருக்கும் முந்துகிறவனுக்கும் ஒருவரையொருவர் தெரியும். வலது ஜன்னலால் கையை நீட்டிப் பின்னால் வருகிறவர்களையும் மறிக்கிறேன்.

லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு றம்பொடை வளைவுகளில் இறங்கிப் புசல்லாவைக்கு வரும்போது பிரேக் சூடேறியிருக்கும், வீதியும் ஈரமாக இருக்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடும். ஆளைக் கண்டு பிரேக்கில் காலை வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். ஊர் வருமுன்பே கியரைக் குறைக்காத சாரதியை நான் சாரதி என்று சொல்லமாட்டேன்.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியை:

அண்ணா சொல்வது சரி. பாடசாலை விடும் நேரத்தில் தினமும் கடவைக்குப் போகிறேன். மழை நாளில் பிள்ளைகள் குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடிக்கிறார்கள், காற்று அப்படி. வலப்பக்கம் ஒன்றுமே தெரியாது. இறங்குவதற்கு முன் குடையை உயர்த்தச் சொல்கிறேன். நனைந்தால் நனையட்டும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் கோடும் தெரியாது, அப்போது காதைத்தான் நம்ப வேண்டும். மகள் இப்போது எப்படி இருக்கிறாள் அக்கா?

ஹட்டன் தாய்:

நன்றி டீச்சர், நன்றி அண்ணா. நேற்று அதே இடத்தில் கடந்தோம். ஒரு வேன் நின்றது. மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வேனின் முகப்பு வரை வந்து நின்றாள். புதுக் குடையை உயர்த்தி, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். பின்னால் இருந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அவள் அசையவில்லை. "இப்ப வாங்கம்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் நான் காலை எடுத்து வைத்தேன்.